ஹாலில் பதினான்கு பேர்

லைன் நான்கின் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு சுழன்றது. சங்கு ஊதியது.

தீப்பிடித்தால் மூன்று முறை ஊத வேண்டும். மெஷினில் கை மாட்டிக்கொண்டால் இரண்டு முறை. இது ஒரே முறை, நீளமாக ஊதியது. அப்படி ஊதினால் என்ன அர்த்தம் என்று சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் போடவில்லை. ஆகவே எழுபது பெண்களும் ஓடவும் இல்லை, உட்காரவும் இல்லை. கையில் ஸ்குரூ டிரைவரைப் பிடித்தபடி நின்றார்கள்.

சூப்பர்வைசர் கண்ணப்பன் வேர்க்க வேர்க்க வந்தார்.

"பூமாரி யாரு? நீதான? இன்னாம்மா பண்ணி வச்ச?"

"ஒண்ணும் பண்ணலியே சார்."

"ஒண்ணும் பண்ணாமயா ஊதுவான்? எச்.ஆர்.ல கூப்புடுறாங்கோ. தொப்பியக் கூட கழட்டாத, அப்டியே ஓடு."

பூமாரிக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது: லீவு லெட்டர். ஒன்பது நாளுக்கு முன்னால் கொடுத்தது. பாஸாகியிருக்கும். லீவு பாஸானால் ஒரு முறை ஊதுவது என்று புதிதாக ஏதாவது ஏற்பாடு வந்திருக்கும். கம்பெனியில் வாரத்துக்கு ஒரு புதிய ஏற்பாடு வந்துகொண்டுதான் இருந்தது.

ஒரகடத்தில் உள்ள அந்தக் கம்பெனியின் பெயர் ஹால்மித்ரா டிவைசஸ். டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் நெட்டில் வரும் படம், சீரியல், கிரிக்கெட் எல்லாவற்றையும் காட்டும் உள்ளங்கை அகலப் பெட்டியைச் செய்கிறார்கள். புது மாடலில் ஒரு கண்ணும் உண்டு. ஹாலில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், தூங்குகிறார்களா, விழித்திருக்கிறார்களா என்று அந்தக் கண் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கண்ணை இரண்டு ஸ்குரூ போட்டு முடுக்குவது பூமாரியின் வேலை. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து நூறு கண்.

அவள் மகளுக்கு வேண்டியிருந்தது இரண்டு.

மகள் கனிஷ்காவுக்கு ஆறு வயது. சங்கரன்கோவில் பக்கத்தில் அக்கா நாச்சியாரிடம் வளர்கிறாள். இரண்டு கண்ணிலும் புரை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருநெல்வேலியில் ஆபரேஷன். தாயோ தகப்பனோ நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளையை உள்ளே கொண்டு போவார்கள். தகப்பன் மூன்று வருடமாகச் சுவரில் மாலையோடு இருக்கிறான். அங்கிருந்து இறங்கி வந்து கையெழுத்துப் போடுவது சிரமம். ஏற்கெனவே இரண்டு தேதி, லீவு கிடைக்காமல் தவறிவிட்டது. இந்தத் தேதியும் தவறினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் அதட்டாமல், மெதுவாகத்தான் சொல்லியிருந்தார்: "அதுக்கப்புறம் ஆபரேசன் பண்ணினாலும் கண்ணு பார்க்கக் கத்துக்காதும்மா."

எச்.ஆர். மேனேஜர் கோதண்டராமன் எழுந்து நின்று வரவேற்றார். நான்கு வருடத்தில் அவர் முகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் முறை. இதுவரை அவர் கையெழுத்தை மட்டும் பார்த்திருக்கிறாள்.

"வாழ்த்துகள் மேடம்."

"லீவு கெடச்சிருச்சா சார்?"

"அதைவிடப் பெரிய விஷயம்."

பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் வசந்தகுமார். அவர் கழுத்து அட்டையில் 'தலைமை ஹால் அதிகாரி' என்று இருந்தது. எதிர்காலத்தில் வீடுகளின் ஹால் எப்படி இருக்கும் என்று யோசிப்பதற்காகவே கம்பெனி ஒரு துறை வைத்திருந்தது. அதில் இருபத்திரண்டு பேர் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை யோசித்தார்கள். அவர்களுக்குத் தலைவர் இவர்.

"உங்க குடும்பத்துல பதினாலு பேர், இல்லையா மேடம்?" என்றார் வசந்தகுமார், பக்தியோடு.

"எங்க குடும்பத்துல நானும் எம்பிள்ளையும்தான் சார்."

அவர் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் கேன்டீனில் எல்லோரையும் நிறுத்திக் கேட்ட கேள்விகள் அவை. பதில்கள் அவள் சொன்னவைதான்.

*உங்கள் ஹாலில் எத்தனை பேர்?* பதினாலு. *டிவி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?* இருபத்துநாலு. *சண்டையில்லாமல் சேர்ந்து பார்ப்பீர்களா?* சண்டை போட மாட்டோம். *உங்கள் குழந்தை எவ்வளவு ஆர்வமாகப் பார்க்கும்?* டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் உட்காரும், இழுத்தாலும் வராது.

பூமாரிக்குச் சிரிப்பு வந்து, அடுத்த நொடி பயம் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் அவள் தங்கியிருப்பது, ஓடாமல் போன ஒரு கல்யாண மண்டபம். மணமேடையில் நான்கு கட்டில், கீழே பத்து. மணமகள் அறையில் வார்டன். அங்கே தங்கியிருக்கும் பெண்கள் எல்லோரும் அதை ஹால் என்றுதான் சொல்வார்கள். ஹாலுக்குப் போறேன், ஹால்ல தண்ணி வரல, ஹால் சாவி யார்ட்ட. மூன்று ஷிப்டு என்பதால் எந்நேரமும் யாராவது ஒருத்தி விழித்திருப்பாள், டிவி ஓடிக்கொண்டிருக்கும். சண்டை போட்டால் வார்டன் ரிமோட்டைப் பூட்டி வைத்துவிடுவாள் என்பதால் சண்டை இல்லை.

"சார், அது ஹாஸ்டல் ஹாலு சார். பதினாலு பேரும் பதினாலு ஊரு. எம்பிள்ளைக்குக் கண்ணு தெரியாது சார், அதான் கிட்ட ஒக்காந்து பாக்கும். அந்த ஆபரேசனுக்குத்தான் லீவு கேட்டிருக்கேன்."

வசந்தகுமார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்:

"மேடம், மூவாயிரத்து இருநூறு பேர்கிட்ட சர்வே எடுத்தோம். எல்லா வீட்டுலயும் அப்பா ஒரு போன், அம்மா ஒரு போன், பிள்ளை ஒரு போன். ஹால் செத்துப்போச்சுன்னே முடிவு பண்ணிட்டோம். துறையைக் கலைக்கிற நிலைமை. அப்பதான் நீங்க வந்தீங்க. பதினாலு பேர் உள்ள கூட்டுக்குடும்பம். இருபத்துநாலு மணி நேரம். டிவியை விட்டு நகராத குழந்தை. நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா டேட்டாவை உறைய வச்சாச்சு. இனிமே உண்மை வந்தா கூட உள்ள போகாது."

"நல்லதும்மா," என்றார் கோதண்டராமன். "வியாழக்கிழமை பெட்டி வாங்க வெளிநாட்டுலேர்ந்து பையர்ஸ் வர்றாங்க. அதுவரைக்கும் இரண்டாவது மாடியில மாதிரி ஹால்ல நீங்க குடும்பமா இருக்கணும். இன்னிக்கு, நாளைக்கு, நாளன்னிக்கு. வியாழன் நாலு மணிக்கு உங்க லீவு லெட்டர்ல நானே கையெழுத்துப் போடுறேன். ஆறு மணிக்குள்ள கேட்டை விட்டுப் போயிடலாம்."

கிளாம்பாக்கத்தில் திருநெல்வேலி பஸ் வியாழன் இரவு எட்டு மணிக்கு. பூமாரி மனசுக்குள் நேரத்தைக் கூட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. தலையாட்டினாள்.

இரண்டாவது மாடியில் ஒரு கதவு. அதன் மேல் பலகை: 'வீடு. அனுமதி பெற்றோர் மட்டும்.'

உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா. ஸ்விட்ச் போட்டால் எரியும் குத்துவிளக்கு. ஜன்னலில் தென்னந்தோப்பு, படம்தான். அதற்குப் பின்னால் ஏ.சி. கம்ப்ரஸர் உறுமியது. மாம்பழக் கலர் சேலை ஒன்றைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டுக்குள் நுழையும்போது கார்டு தேய்க்க வேண்டும். பாத்ரூம் போவதென்றால், 'இல்லத்தை விட்டு வெளியேறும் படிவம்' என்று ஒன்றை நிரப்ப வேண்டும். காரணம் என்ற இடத்தில் சுருக்கமாக எழுதலாம் என்று சலுகை கொடுத்திருந்தார்கள்.

கணவராக மாரிமுத்துவைப் போட்டிருந்தார்கள். வாலாஜாபாத்துக்காரர், கம்பெனியின் குட்டியானை சரக்கு வண்டி டிரைவர். ஐம்பது வயது. சோபாவும் குத்துவிளக்கும் வாலாஜாபாத்தில் வாடகைக்கு எடுத்தவை. அவற்றை ஏற்றி வந்தவரையே மடக்கி வேஷ்டி கொடுத்துவிட்டார்கள்.

"இன்னா தங்கச்சி, நீயும் மாட்டிக்கினியா?" என்றார் அவர்.

"கட்," என்றார் வசந்தகுமார். "மனைவியைத் தங்கச்சின்னு கூப்பிடக்கூடாது."

"அப்ப இன்னான்னு சார் கூப்புட்றது?"

"பேசவே வேண்டாம். எதிர்காலத்துல கணவர் ரிமோட்டை மட்டும் கேட்பார்."

குழந்தை விஷயத்தில் சிக்கல் வந்தது. தொழிற்சாலைக்குள் சிறுவர்கள் வரக்கூடாது என்பது விதி. விதியைக் கம்பெனி மீறாது. ஆகவே வாலாஜாபாத் ஜவுளிக்கடையிலிருந்து ஒரு பொம்மையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பச்சைப் பாவாடை, ரோஸ் உதடு, இமைக்காத இரண்டு பெரிய கண்கள். அதை டிவிக்கு முன்னால் உட்கார வைத்து, ஸ்கேல் வைத்து அளந்து, சரியாக ஒரு சாண் தள்ளி நகர்த்தினார்கள்.

"குழந்தை பேரு என்ன மேடம்?"

"கனிஷ்கா," என்றாள் பூமாரி. சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது.

பெட்டியை ஆன் செய்தார்கள். இனிமையான பெண் குரல் சுத்தமான தமிழில் பேசியது.

"வணக்கம். இல்லத்தில் இருவர் உள்ளீர்கள். பன்னிருவரைக் காணவில்லை. காத்திருக்கிறேன்."

காத்திருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பன்னிருவரைக் காணவில்லை என்றது. படம் போடவில்லை. பதினாலு பேர் வந்தால்தான் போடும். எண்ணிக்கையைக் குறைக்கலாமே என்று ஒரு இன்ஜினீயர் கேட்டார். டேட்டா உறைந்துவிட்டது என்பதை அவருக்கு நினைவூட்டினார்கள். பெட்டி பொம்மையை ஆள் கணக்கில் சேர்க்காததால், 'கனிஷ்கா, மகள், வயது ஆறு' என்று கையால் தட்டிச் சேர்த்தார்கள். மறுநாள் எதிர்கால ஹால் துறையிலிருந்தே பதினொரு பேரைக் கொண்டுவந்து சித்தப்பா, அத்தை, கொழுந்தன் என்று பிரித்தார்கள்.

அதிலும் பிரச்னை. துணை மேலாளர் கிரேடுக்குக் கீழே உள்ளவர்களோடு சோபாவில் சமமாக உட்காரத் துணை மேலாளர்கள் சம்மதிக்கவில்லை. அரை மணி நேர மீட்டிங்குக்குப் பிறகு கிரேடு வாரியாக இடம் ஒதுக்கினார்கள். வீட்டுக்கு உரியவளான பூமாரி ட்ரெய்னி கிரேடு என்பதால் தரையில் உட்கார்ந்தாள், பொம்மைக்குப் பக்கத்தில். டிரைவருக்குக் கிரேடே இல்லை என்று தெரிந்ததும் குடும்பத் தலைவர் கதவோரம் நின்றார்.

"பதினால்வரும் இல்லத்தில் உள்ளீர்கள். மகிழ்ச்சி," என்றது பெட்டி. திரையில் ஏழு கலர் பட்டைகள் வந்தன. சோதனைப் படம். கனெக்ஷன் இன்னும் வரவில்லை.

மத்தியானம் லாக்கரிலிருந்து போனை எடுத்து ஊருக்குப் பேசினாள்.

"ஏட்டி, டிக்கெட் எடுத்தியா இல்லியா?" என்று கேட்டாள் நாச்சியார். "இங்க டாக்டரு ரெண்டு வாட்டி போன் போட்டுட்டாவ. ஒன்ன நம்பலாமான்னு கேக்காவ. நான் என்ன சொல்ல?"

"நம்பச் சொல்லுக்கா. மேனேசரே கையெழுத்து போடுதேன்னு சொல்லிட்டாக."

"அவுக சொல்லுவாக. போன தடவையும் ஒருத்தரு சொன்னாருல்லா."

திரும்பி வந்து பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா சொன்னது காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அசையவில்லை. எங்கே பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருவர் குறைகிறார்," என்றது பெட்டி. "பூமாரி இல்லத்தில் இல்லை."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அங்கேதான் இருந்தாள். இன்ஜினீயர் லேப்டாப்பைப் பார்த்துவிட்டுக் காரணத்தைச் சொன்னார்: அசைவு இல்லை, இமை கொட்டவில்லை, மூச்சு ஏறி இறங்குவதுகூடத் தெரியவில்லை.

"மேடம், கொஞ்சம் அசையுங்க," என்றார் வசந்தகுமார். "அசையாம இருந்தா நம்ம கண்ணு உங்களை சாமான் கணக்குல சேர்த்துடும். அது அதோட குறை இல்லை, நேர்மை. போன மாசம் கேட்டுல இதே கண்ணைத்தான் மாட்டினோம். ஓவர்டைமுக்குப் பயந்து வண்டியில ஒளிஞ்சு போறவங்க எத்தனை பேரைப் பிடிச்சிருக்கு தெரியுமா? மூச்சு விட்டா கூடக் கண்டுபிடிச்சிடும்."

பூமாரி அசைந்தாள். அசைந்ததும் கண்ணிலிருந்து தண்ணீர் உருண்டது.

லேப்டாப்பில் ஒரு கோடு ஜிவ்வென்று மேலே ஏறியது. இன்ஜினீயர் நாற்காலியை விட்டு எழுந்தார். "சார், ஈடுபாடு தொண்ணூத்தெட்டு பர்சென்ட்!"

"திரையில என்ன ஓடுது?"

"கலர் பட்டை சார்."

வசந்தகுமார் லேப்டாப்பில் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "கலர் பட்டைக்கே அழுவுறாங்க," என்றார். "கதை, நடிகர் எல்லாத்துக்கும் நாம வீணா லைசென்ஸ் வாங்கிட்டு இருந்திருக்கோம்." அன்று மாலையே, கலர் பட்டையை மாதச் சந்தாவோடு தனிச் சானலாக விடலாம் என்று ஒரு அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று.

"அழுவாத தங்கச்சி," என்றார் மாரிமுத்து கதவோரத்திலிருந்து, உதடு அசையாமல். "அழுதீனா அதுக்கும் காசு பாத்துடுவானுங்கோ."

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வரவேண்டிய பையர்கள் இரண்டரைக்கு வந்தார்கள். ஆறு பேர். காலில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து சுவரோரம் நின்றார்கள். பெட்டி பதினால்வரையும் பெயர் சொல்லி வரவேற்றது. கடைசியில், "கனிஷ்கா, நீ மிகவும் கவனமாகப் பார்க்கிறாய்," என்றது. பையர்கள் பொம்மையைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

வசந்தகுமார் பேசினார்.

"இதுவரைக்கும் மனுஷன் வீட்டுக்குப் போனான். அதுக்கு பஸ், ரயில், லீவு, எவ்வளவு நேரம் வீண். எதிர்காலத்துல யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். எங்கள் பெட்டி எங்கே இருக்கோ, அதுவே வீடு. இந்த அம்மா மூணு நாளா இந்தக் கட்டடத்தை விட்டுப் போகாமலே குடும்பத்தோட இருக்காங்க. எங்க அட்டெண்டன்ஸ் சிஸ்டத்தோட பெட்டியை முதல் நாளே இணைச்சிட்டோம். யார் வேலையில இருக்காங்க, யார் வீட்டுல இருக்காங்கன்னு இனிமே மனுஷன் சொல்ல வேண்டியதில்லை."

பையர்கள் கைதட்டினார்கள். பதினொரு சொந்தக்காரர்களும் கிரேடு வரிசைப்படி கைதட்டினார்கள். பூமாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதுவும் வாடகைக் கடிகாரம். பேட்டரி போடவில்லை.

நான்கு மணிக்குக் கோதண்டராமன் முன்னால் போய் நின்றாள். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதர். லீவு லெட்டரை மேஜை மேல் எடுத்து வைத்து, பேனா மூடியையும் கழற்றி வைத்திருந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். மூடியைத் திரும்ப மாட்டினார்.

"உங்களுக்கு லீவு பாக்கி மூணு நாள் இருந்துச்சு, இல்லையாம்மா?"

"ஆமா சார்."

"அதை எடுத்துட்டீங்களே."

"நான் எங்க சார் எடுத்தேன்?"

"செவ்வாய், புதன், வியாழன். மூணு நாளும் வீட்டுல இருந்ததா வந்திருக்கு."

"சார், இங்கதான சார் இருந்தேன். நீங்கதான ரெண்டாவது மாடியில இருக்கச் சொன்னீய?"

"நான் சொன்னது எனக்கு நினைவிருக்கு. சிஸ்டத்துக்கு இல்லையே. லைன் நாலுல மூணு நாளா நீங்க ஆப்சென்ட். அதுக்கு விளக்கம் கேட்டு மெமோ போகணும். நான்தான் பெரிய மனசு பண்ணி அதை லீவுல கழிச்சேன்."

பூமாரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சார், காலையில ஒம்பது மணிக்கு எம்பிள்ளைக்கு ஆபரேசன். நான் கையெழுத்துப் போடலேன்னா கண்ணு போயிரும் சார். சம்பளம் இல்லாம லீவு குடுங்க. இல்ல, வேலைய விட்டுத் தூக்குங்க. இன்னிக்கு அனுப்பி விட்டாப் போதும்."

"மருத்துவக் காரணம்னா தனி வழி இருக்கு," என்றார் அவர் பரிவோடு, மறுபடி தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நல்ல செய்திம்மா. கனிஷ்கா, வயது ஆறு. மூணு நாளா நம்ம கண்ணு பரிசோதிச்சிருக்கு. பார்வை நூத்துக்கு நூறு. ஒரு தடவை கூட இமைக்கலையாம். இவ்வளவு நல்ல கண்ணை நான் பார்த்ததே இல்லை."

"அது பொம்ம சார்."

"பொம்மைன்னு இதுல கட்டமே இல்லையேம்மா. மகள்னுதான் இருக்கு." அவர் இன்னும் கொஞ்சம் கீழே படித்தார். "கையெழுத்துதான் பிரச்னைன்னா, அப்பா போகலாமே. அப்பா இருக்காரே. மாரிமுத்து, டிரான்ஸ்போர்ட். அவருக்கு லீவு பன்னெண்டு நாள் பாக்கி இருக்கு."

பூமாரி மேஜை மேல் கிடந்த பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பாருங்கம்மா, பிள்ளை ஞாபகம், வீட்டு ஞாபகம், எனக்கும் புரியுது. நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லை." அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்குப் போகணும் போல இருந்தா இப்பவே போயிட்டு வாங்க. ரெண்டாவது மாடிதானே. அஞ்சரைக்கு வீட்டைப் பிரிச்சு அனுப்பிடுவாங்க, அதுக்குள்ள."

அவள் நேரே கேட்டுக்கு நடந்தாள். நான்கு வருடத்தில் அனுமதி இல்லாமல் கேட்டுப் பக்கம் போவது அதுதான் முதல் தடவை. கார்டைத் தேய்த்தாள். சிவப்பு. மறுபடி தேய்த்தாள். மறுபடி சிவப்பு. சுழல் கம்பி அசையவில்லை.

காவலர் திரையைப் பார்த்தார். கண் மாட்டிய பிறகு அங்கே காவலர்கள் ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். திரையை மட்டும்தான் பார்ப்பார்கள்.

"நீ உள்ளயே இல்லம்மா. வூட்ல கீறன்னு காட்டுது."

"அண்ணே, நான் ஒங்க முன்னாலதான நிக்கேன்?"

"நிக்குற. ஆனா உள்ள இல்லாதவள எப்டி நான் வெளிய வுட்றது? எனக்கு மெமோ குடுப்பான். மொதல்ல உள்ள வந்ததா பதிஞ்சுகினு வா, அப்பால வெளிய வுட்றேன்."

"உள்ள வந்ததா எங்க பதியணும்?"

"வெளிய இருந்துதான் பதியணும்."

நேரம் ஐந்தைத் தாண்டியிருந்தது. லாக்கர் அறையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தாள். நாச்சியார் இல்லை, பிள்ளை.

"எம்மா, பஸ்ஸு ஏறிட்டியா?"

"ஏறப் போறேன் தாயி."

"என்ன கலரு சேல கட்டியிருக்க?"

"எதுக்குத்தா கேக்க?"

"கட்டு அவுக்கையில மொதல்ல ஒன்னயத்தான் பாக்கப் போறேன்னு பெரியம்மைட்ட சொல்லிட்டேன். மொகம் எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதுல்லா. கலரு தெரிஞ்சாத்தான வேற யாரையும் அம்மான்னு நெனைக்க மாட்டேன்."

பூமாரி குனிந்து பார்த்தாள். "மாம்பழக் கலரு."

"மாத்திராத."

"மாத்த மாட்டேன் தாயி," என்று வைத்தாள்.

பின்பக்கம் சரக்கு ஏற்றும் இடத்தில் வீட்டைப் பிரித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் தென்னந்தோப்பு சுருட்டிக் கிடந்தது. குட்டியானை வண்டியின் பின்னால் சோபா ஏறியிருந்தது. அதன் மேல் குத்துவிளக்கு, கடிகாரம், பொம்மை. ஏற்றிய ஆட்கள் டீக்குப் போய்விட்டார்கள். மாரிமுத்து வேஷ்டியைக் கழற்றிக் காக்கி மாட்டிக்கொண்டு, கேட் பாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் பாஸை மடித்தார்.

"இன்னா சொல்ட்டான்?"

சொன்னாள். அழாமல் சொன்னாள். கடைசியில், "அப்பாவப் போகச் சொல்லுதாவ," என்றாள்.

"யாரு, நானா?" மாரிமுத்து சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கேட் பாஸை மறுபடி பிரித்தார். விரல் வைத்து வாசித்தார். "சோபா ஒண்ணு. வெளக்கு ஒண்ணு. கடியாரம் ஒண்ணு. பொம்மை ஒண்ணு." அங்கேயே விரலை நிறுத்தினார். பொம்மையைப் பார்த்தார். பூமாரியைப் பார்த்தார்.

"பொம்மை எத்தினி அடின்னு இதுல எழுதல தங்கச்சி."

அவளுக்குப் புரிய இரண்டு நொடி ஆயிற்று. "கண்ணு பிடிச்சிராதா அண்ணே? மூச்சு விட்டாலே பிடிக்கும்னாகளே."

"வுடாத. நேத்து ஒரு வாட்டி அசையாம குந்திக்கினு இருந்தியே, உன்ன இல்லவே இல்லன்னு சொல்ச்சே. அப்டியே இரு. கேட்டாண்ட ஒரு நிமிசம்கூட இல்ல. வண்டலூர் ரோட்ல எறக்கி வுட்றேன், பஸ்ஸு நிக்காம வந்துகினே இருக்கும்."

"ஒங்க வேல போயிரும் அண்ணே."

"நான்தான் அப்பாவாச்சே," என்றார் மாரிமுத்து. பொம்மையின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, காலி அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் நிறுத்தினார். "இது நாளைக்கு வரட்டும். இதுக்கு ஆபரேசன் ஒண்ணும் இல்ல."

பூமாரி வண்டியில் ஏறி சோபாவில் உட்கார்ந்தாள். மூன்று நாளில் அந்தச் சோபாவில் அவள் உட்காருவது இதுவே முதல் முறை. மாரிமுத்து பிளாஸ்டிக் உறையை இழுத்து அவள் தலை முதல் கால் வரை போர்த்திவிட்டு, குத்துவிளக்கை மடியில் சாய்த்து வைத்தார். வண்டி நகர்ந்தது.

கேட்டில் நின்றது. கம்பத்தின் மேலே கண் திரும்பியது. அதில் இரண்டு ஸ்குரூ பளபளத்தன. தன் கையால் முடுக்கியதாகவே இருக்கும் என்று நினைத்தாள். பிறகு நினைப்பதையும் நிறுத்தினாள். கையை மடியில் வைத்தாள். கண்ணைத் திறந்தே வைத்தாள், பொம்மை வைத்திருந்ததைப் போல. மூச்சை இழுத்து அப்படியே பிடித்தாள். கண்ணோரம் எரிந்தது. ஒரு சொட்டு திரண்டு இமை விளிம்பில் நின்றது. விழாதே என்று அதனிடம் கெஞ்சினாள்.

"பின்னால இன்னா?" என்றார் காவலர், திரையை விட்டுத் திரும்பாமல்.

"வூடு," என்றார் மாரிமுத்து. "பிரிச்சு எடுத்துகினு போறேன்."

திரை பச்சையாயிற்று. காவலர் பாஸில் முத்திரை குத்திக் கொடுத்துக் கையசைத்தார்.

"உசுரோட யாரும் இல்லன்னு காட்டுது. போ."